மலைநாட்டு மழையும் மழலையர் விளையாட்டும்

சேலம் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். இவற்றைக் கடந்து மேலே சென்றால் ஏற்காட்டை அடையலாம். சேர்வராயன் மலைமீது, கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியும் காடும் கூடிப் பெயர் தந்த ஊர் அது. கோடை விடுமுறையில் அங்கே செல்வோர் ஏரியிலே படகு விடுவர்; பூங்காவிலே உலாவுவர்; குளிர்காற்றை நுகர்ந்துவிட்டு இரண்டொரு நாளில் கீழே இறங்கிவிடுவர். அவர்கள் கண்ட ஏற்காடு வேறு. அங்கேயே பிறந்து வளரும் குழந்தை காணும் ஏற்காடு வேறு.

தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் அம்மலைக்கு மழை தருவன. ஆண்டுக்குச் சராசரியாக 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனித் திங்களில் தொடங்கும் ஈரம் மார்கழி வரையில் முற்றிலும் உலர்வதில்லை. மழை விட்டால் மூடுபனி இறங்குகிறது. பனி விலகினால் மீண்டும் மழை வருகிறது. முற்றம் சேறாகிறது, பாறை வழுக்குகிறது. இத்தகைய நாட்களில் மூன்று வயதுக் குழந்தை எங்கே விளையாடும்? நேயர்களே, இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

“மலையிலே இடத்திற்கா பஞ்சம்?” என்று சிலர் கேட்கக்கூடும். திறந்த வெளிக்குப் பஞ்சமில்லை. கூரையுள்ள இடத்திற்குத்தான் பஞ்சம். 1820-களில் சேலத்தின் ஆட்சித் தலைவராக விளங்கிய காக்பர்ன் என்பவர் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. இன்று அம்மலையின் சரிவுகளெங்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலிலே காப்பி விளைகிறது. கார்த்திகையும் மார்கழியும் தையும் பழம் பறிக்கும் காலம். வடகிழக்குப் பருவமழை ஓயுமுன்னரே பறிப்பும் தொடங்கிவிடுகிறது. வெளியே குழந்தை ஆட முடியாத நாளும், தாய் வீட்டில் இருக்க முடியாத நாளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

அந்நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? பல வீடுகளில் எட்டு வயது அக்காள். அவள் பள்ளிக்குச் செல்வதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலே ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் இருந்தால் அதுவே பெரிது. அங்கே அடுப்பு இருக்கிறது. கொதிக்கும் நீர் இருக்கிறது. ஈர விறகின் புகை இருக்கிறது. துள்ளித் திரிய வேண்டிய குழந்தை அந்த நாற்புறச் சுவருக்குள் அடைபடுகிறது. காக்க வந்த சிறுமியோ தன் கல்வியை இழக்கிறாள். ஆதலால், குழந்தை விளையாட ஓர் அறை வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அன்று. அந்த ஓர் அறையிலே இரண்டு குழந்தைகளின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

விளையாட்டைத் தமிழர் ஒருநாளும் அற்பமாகக் கருதியதில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை எண்ணிப் பாருங்கள். அதன் பத்துப் பருவங்களிலே சிற்றில் உண்டு, சிறுபறை உண்டு, சிறுதேர் உண்டு. பெண் மகவுக்கு அம்மானையும் ஊசலும் உண்டு. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடிய புலவர்கள், அந்தத் தெய்வக் குழந்தைக்கும் விளையாட்டை மறுக்கவில்லை. இக்கால அறிவியலும் அதையே வலியுறுத்துகிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் ஓடியாடி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிவுரை வழங்கியது. இரண்டு முதல் நான்கு வயதினர் திரையின்முன் அமர்ந்திருக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டலாகாது என்றும், குறைந்தால் மேலும் நன்று என்றும் அது கூறியது. மழை பெய்தால் கைப்பேசியைக் குழந்தையின் கையிலே கொடுத்துவிடுவது இன்று எங்கும் பரவிவிட்ட வழக்கம். அது குழந்தையை அமைதியாக்கும்; ஆனால் அதன் கால்களுக்கு வேலை தராது.

இதே இடர்ப்பாடு வேறு நாடுகளிலும் தோன்றியதுண்டு. உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் பகுதியிலே ஏழைத் தொழிலாளர் குடியிருந்த அடுக்கு வீடுகள் இருந்தன. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் மாடிப்படிகளிலே திரிந்து சுவர்களைக் கெடுத்தனர். வீடுகளின் உரிமையாளர், அக்குழந்தைகளுக்கென அக்கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையாரிடம் ஒப்படைத்தனர். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்வறையிலிருந்து ஒரு கல்வி முறையே உலகெங்கும் பரவியது. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் நம் கொடைக்கானல் மலையிலும் தங்கிக் குழந்தைகளிடையே பணி புரிந்தார். அவர் பணி தொடங்கியது மாளிகையில் அன்று. ஒதுக்கித் தரப்பட்ட ஓர் அறையில் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டிலே தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் மராத்திய நாட்டின் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் பணி தொடங்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்களின் முற்றத்திற்குச் செல்லட்டும் என்றார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது அவ்வாறே. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மைய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அப்பெயர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும் அவை உண்டு. அங்கே கட்டணம் இல்லை.

ஆனால் மலைநாட்டிலே முற்றம் மழையில் நனைந்துவிடுகிறதே! ஆகவே, முற்றத்தைக் கூரைக்குள்ளே கொண்டுவர வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கூரைகள் முன்னரே இருக்கின்றன. அங்கன்வாடி இருக்கிறது, பள்ளிக்கூடத்தின் தாழ்வாரம் இருக்கிறது, ஊராட்சியின் சமுதாயக் கூடம் இருக்கிறது, கோயில் மண்டபமும் மாதா கோயிலின் கூடமும் இருக்கின்றன, சில ஊர்களில் நூலகமும் இருக்கிறது. இவற்றுட் பல, குழந்தைக்குத் தேவையான வேளையிலே பூட்டிக் கிடக்கின்றன. அங்கன்வாடி மாலையில் மூடப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமையில் திறப்பதில்லை. பறிப்புக் காலத்துத் தாயோ மாலை மயங்கிய பின்னரே வீடு திரும்புகிறாள். குறை கூரையில் இல்லை, அன்பர்களே, சாவியில் இருக்கிறது.

பெருந்தோட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்கெனக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை அமைக்க வேண்டும் என்று விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகம் பற்றிய விதி இடம் பெற்றது. எனினும், சேர்வராயன் மலையிலே சிறு தோட்டங்கள் பல. பத்துப் பதினைந்து பெண்கள் மட்டும் பறிக்கும் தோட்டத்தை இத்தகைய எண்ணிக்கை எட்டுவதில்லை. தம் சொந்தக் காணியிலே பாடுபடும் மலையாளிப் பழங்குடிப் பெண்களையும் அது எட்டுவதில்லை. அருகருகே உள்ள நாலைந்து சிறு தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி ஓர் அறையையும், அதைக் கவனிக்க ஒரு மூதாட்டியின் கூலியையும் பங்கிட்டுக்கொண்டால் என்ன? தாய் மனக் கலக்கமின்றிப் பறிப்பாள். தோட்டக்காரருக்கும் அது நன்மையே.

பொது அறையைத் திறக்க வழி என்ன? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டமும் நவம்பர் முதல் நாள் கூட்டமும் பறிப்புக் காலத்தின் தலைவாயிலிலேயே அமைந்திருக்கின்றன. இன்ன கூடம், இன்ன மாதங்களில், இன்ன நேரத்தில், இன்னார் பொறுப்பில் திறந்திருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். ஊரிலே அங்கன்வாடியே இல்லையெனில் அதற்கும் வழியுண்டு. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகளேனும் வாழும் குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்திற்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு திசம்பரில் ஆணையிட்டது. கேட்பவர் இல்லாத உரிமை, இறைக்காத கிணற்றைப் போன்றது.

அறை கிடைத்த பின் அதை எவ்வாறு அமைப்பது? முதலாவதாக, தரை உலர்ந்திருக்க வேண்டும். கோரைப்பாயோ சாக்கோ விரித்தால் போதும். அடுப்பு அவ்வறையில் இருத்தலாகாது. பூச்சிமருந்தும் உரமும் வைத்திருந்த கிடங்கை ஒருபோதும் குழந்தைகளுக்குத் தரலாகாது. கழுவினாலும் நஞ்சு எளிதில் நீங்காது. கதவின் தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும்படி இருக்கட்டும். குழந்தைகள் உள்ளே இருக்கும்போது பொறுப்புள்ள ஒருவர் அங்கிருந்து அகலலாகாது.

விளையாட்டுப் பொருளுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. உத்தரத்தில் கட்டிய ஒரு கயிற்றூஞ்சல். கந்தல் துணியால் சுற்றிய பந்து. தச்சர் பட்டறையில் எஞ்சிய மரத்துண்டுகளை இழைத்தெடுத்த கட்டைகள். குழந்தை புகுந்து ஒளியத்தக்க ஒரு பெரிய அட்டைப் பெட்டி. ஒரு தட்டு நிறைய மணல். தரையிலே கரிக்கோடு இழுத்தால் நொண்டியாட்டம் ஆடலாம். சற்று வளர்ந்தவர்களுக்குப் பல்லாங்குழி உண்டு, தாயம் உண்டு, ஐந்தாங்கல் உண்டு. ஆனால் சோழியும் புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டலாகாது. தொண்டையில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வறை எல்லாருக்கும் பொதுவாக, கட்டணமின்றி இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வாங்கினாலும், அந்த ஒரு ரூபாய் இல்லாத குழந்தைதான் முதலில் வெளியே நிற்கும். அக்குழந்தைக்காகத்தானே நாம் கதவைத் திறக்க முற்பட்டோம்! தோட்ட முதலாளியின் மகனும் பறிப்பவளின் மகளும் ஒரே பாயில் அமர்ந்து கட்டை அடுக்கினால், அதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் வேறில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! சேர்வராயன் மலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வால்பாறையிலும் மழை இவ்வாறே பெய்கிறது. சமவெளி நகரங்களிலோ வெயிலும் வண்டிகளும் குழந்தையை வீட்டுக்குள் அடைத்துவிடுகின்றன. உங்கள் ஊரில் பகற்பொழுதில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கூடம் எது என்று நாளைக் காலையில் ஒருமுறை பார்த்து வாருங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த மழைக்கு முன்னே அந்தக் கதவு திறக்குமாயின், எங்கோ ஒரு வீட்டில் ஓர் அக்காள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுவாள்.