பூட்டும் திறப்பும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





கைத்தொலைபேசிச் செயலிகளிலே இரகசியத் திறப்புக்களைப் பாதுகாத்தல் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கணினி படித்தவர்களுக்கு மாத்திரம் உரிய பேச்சு என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய காசு வங்கிக்கு வந்துவிட்டதா என்று கைத்தொலைபேசியிலே பார்க்கும் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் இது உரிய விடயம். அத்தகைய செயலிகளை எழுதும் தொழிலுக்குப் போகவிருக்கும் இளைஞர்களுக்கோ இது கடமையுமாகும்.

திறப்பு என்று நான் சொல்வது இரும்பினாற் செய்ததன்று. அது ஓர் எண். உங்கள் கைத்தொலைபேசி வங்கிக்கு அனுப்பும் செய்தி இடைவழியில் எவரும் வாசிக்க முடியாதபடி உருமாற்றப்படுகின்றது. உருமாற்றும் முறை பூட்டு. அம்முறையிலே சேர்க்கப்படும் இரகசிய எண் திறப்பு. இன்று உலகெங்கும் வழங்கும் ஏ.ஈ.எஸ். என்னும் பூட்டைப் பெல்ஜியம் நாட்டறிஞர்களாகிய யொவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் ஆக்கினார்கள். அமெரிக்க அரசு 2001ஆம் ஆண்டிலே அதைத் தன் நியமமாக ஏற்றுக்கொண்டது. அதன் மிகச் சிறிய திறப்பு 128 பிற்று நீளமுடையது. அந்த நீளத்தில் அமையக்கூடிய திறப்புக்களின் தொகையை எழுதினால் அது 39 இலக்கங்கொண்ட எண்ணாகும். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது மனிதரால் ஆகாத காரியம்.

இதிலே வியப்பு என்னவெனில், அந்தப் பூட்டின் அமைப்பு முழுவதும் பகிரங்கமாக வெளியிடப்பட்டிருக்கின்றது. யாரும் படிக்கலாம். இதற்கு அடிப்படையான கொள்கையை 1883ஆம் ஆண்டிலேயே ஒகுஸ்ட் கெர்க்கொவ்ஸ் என்பவர் எழுதிவைத்தார். ஒல்லாந்திலே பிறந்து பிரான்சிலே ஆசிரியராயிருந்தவர் அவர். இரகசிய எழுத்து முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் கேடு விளையாதிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படியானால் காக்கவேண்டியது திறப்பு ஒன்றையே.

நமது கோயில்களை நினைத்துப் பாருங்கள். நகைப்பெட்டியின் பூட்டு எந்தக் கடையில் வாங்கியது என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். அதனால் நகைக்கு மோசம் வருவதில்லை. திறப்பு யாரிடம் இருக்கின்றது, எங்கே வைக்கப்படுகின்றது என்பதே கேள்வி. பெரிய பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பை நிலையின் மேலே வைப்பவனை நாம் என்னென்று சொல்வோம்? கைத்தொலைபேசிச் செயலிகளிலே நிகழும் தவறுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

முதலாவது தவறு, திறப்பைச் செயலிக்குள்ளேயே எழுதிவைத்தல். எழுதியவர், "யார் இதைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்று எண்ணுகிறார். ஆனால் செயலி என்பது கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கப்படும் பொருள். அதை இறக்கி, பிரித்து, உள்ளே இருப்பதை வாசிப்பதற்கு வேண்டிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரேயொரு திறப்பை இலட்சம் பேர் கையிலுள்ள பிரதிகளிலே ஒளித்துவைத்தால், அவர்களுள் ஒருவர் கண்டுபிடித்தாலும் போதும், எல்லார்க்கும் கேடு.

இது வெறும் அச்சமன்று. டீவீடீத் தட்டுகளிலுள்ள திரைப்படங்களைப் பிரதி செய்யாமற் காப்பதற்காக, அவற்றை ஓட்டும் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ஒரு திறப்பை மறைத்துவைத்தார்கள். 1999ஆம் ஆண்டிலே அப்படியான மென்பொருள் ஒன்றிலிருந்து திறப்பு வெளிப்பட்டது. அந்தப் பூட்டும் பலவீனமாக இருந்தபடியால் மற்றைத் திறப்புக்களும் விரைவில் வெளியாயின. விற்றுப்போன தட்டுகளைத் திருப்பி வாங்க முடியுமா? பூட்டு அன்றே பயனற்றுப்போயிற்று.

இரண்டாவது தவறு, திறப்பைச் சாதாரணக் கோப்பிலே வெளிப்படையாக எழுதிவைத்தல். கைத்தொலைபேசி கள்வன் கையிற் போனாலோ, தீய செயலியொன்று உள்ளே புகுந்து முழு அதிகாரத்தையும் பெற்றுக்கொண்டாலோ, அந்தக் கோப்பு வாசிக்கப்படும். இன்னும், கைத்தொலைபேசியிலுள்ளவற்றை வேறிடத்திலே பிரதி எடுத்துவைக்கும்போது திறப்பும் கூடவே போய்விடும்.

மூன்றாவது தவறு, திறப்பு எங்கெல்லாம் போகின்றது என்பதைக் கவனியாமை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, இலத்திரனியல் நாணயங்களை வைத்திருப்பதற்கான ‘ஸ்லோப்’ என்னும் கைத்தொலைபேசிச் செயலியைப் பயன்படுத்திய பலர் தங்கள் உடைமையை இழந்தார்கள். ‘சொலானா’ என்னும் நாணய வலையமைப்பிலே 8,000க்கு மேற்பட்ட கணக்குகள் அப்போது வெறுமையாக்கப்பட்டன. செயலியின் பிழைகளைக் கண்காணிக்கும் சேவையொன்றுக்கு அனுப்பப்பட்ட குறிப்புக்களோடு, பயனாளரின் இரகசியத் திறப்பு விவரங்களும் தவறுதலாக அனுப்பப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அங்கே பூட்டை எவரும் உடைக்கவில்லை. திறப்பு நாட்குறிப்பிலே எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு: ஒளித்துவைத்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. ஒளித்துவைத்ததைத் தேடுபவன் கண்டுபிடிப்பான். எடுக்கவே முடியாத இடத்தில் இருப்பதே பாதுகாப்பானது.

அத்தகைய இடம் உண்டா? உண்டு. 2013ஆம் ஆண்டிலே வெளிவந்த ஐபோன் 5எஸ் கருவியிலே ‘செக்கியூர் என்கிளேவ்’ என்னும் தனிப் பகுதியை அப்பிள் நிறுவனத்தார் அமைத்தனர். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் ‘கீஸ்டோர்’ என்னும் திறப்புச்சாலை இருக்கின்றது. 2018இல் வந்த அன்ட்ரொயிட் 9 உடன், ‘ஸ்ட்ரோங்பொக்ஸ்’ என்ற பெயரில் இதற்கெனத் தனிச் சில்லைப் பயன்படுத்தும் வசதியும் வந்தது. இவற்றின் சிறப்பு யாதெனில், திறப்பு உள்ளேயே பிறக்கின்றது, உள்ளேயே இருக்கின்றது, வெளியே வருவதில்லை.

வெளியே வராத திறப்பினால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கந்தோரிலே முத்திரை குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் முத்திரையை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கடதாசியை முத்திரையிடம் கொண்டுபோகிறோம், குத்துவித்துத் திரும்புகிறோம். அவ்வாறே செயலியும், "இதற்குக் கையொப்பமிடு", "இதைப் பூட்டு" என்று திறப்புச்சாலையிடம் கொடுத்து வாங்குகின்றது. திறப்பைச் செயலியே காண்பதில்லை. தான் காணாததை அது எவ்வாறு சிந்தவிடும்?

ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். திறப்பைக் களவெடுக்க முடியாத கள்வன் அதைப் பயன்படுத்தவாவது முயல்வான். பூட்டாமல் மேசையிற் கிடக்கும் கைத்தொலைபேசியை எடுத்து, உங்களைப் போலவே அவனும் முத்திரை குத்துவிக்கலாம். ஆகவே, உரியவரின் கைரேகையோ இரகசிய இலக்கமோ கிடைத்தாலன்றித் திறப்பு இயங்காதவாறு செய்யவேண்டும். அன்ட்ரொயிட்டிலே 2015ஆம் ஆண்டின் 6ஆம் பதிப்பிலிருந்து செயலி எழுதுவோர் இவ்வாறு கட்டளையிடலாம். புதிதாக ஒரு கைரேகை சேர்க்கப்பட்டால் பழைய திறப்பு செல்லாதுபோகும்படியும் அமைக்கலாம்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கைத்தொலைபேசிக்குப் பூட்டுப் போடுங்கள். நான்கு இலக்கங்களாயின் அமையக்கூடியவை 10,000 மாத்திரமே. ஆறு இலக்கங்களாயின் 10,00,000. பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். உறையின் உட்புறத்தில் எழுதிவைக்காதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவராவது இரகசிய இலக்கத்தைக் கேட்டால், சொல்லாதீர்கள். எவ்வளவு நல்ல திறப்புச்சாலையானாலும், வாசலைத் திறந்துவிடுபவர் நாமாக இருந்தால் அது என்ன செய்யும்?

இளைஞர்களே, உங்களுக்குச் சொல்வது இது. நாளை நீங்கள் செயலி எழுதும் இடத்திலே, "இப்போதைக்குத் திறப்பை உள்ளேயே எழுதிவிடு, பிறகு மாற்றலாம்" என்று சொல்பவர் இருப்பார். தவணை நாள் நெருங்கியிருக்கும். அந்தப் "பிறகு" வருவதேயில்லை என்பதை நினைவில் வையுங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் திறப்பு கைத்தொலைபேசிக்குள் இருக்கத்தான் வேண்டுமா? நிறுவனத்தின் பொதுத் திறப்பாயின் அது நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கட்டும். இருக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு திறப்பு இருக்கின்றதா? அப்போது ஒன்று போனாலும் ஒருவரோடு நிற்கும். கருவி தொலைந்தால் அந்தத் திறப்பை உடனே செல்லாததாக்கி, உரியவருக்குப் புதியதைக் கொடுக்க வழியுண்டா? மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத செயலியை மக்கள் கையிற் கொடுப்பது தகாது.

நமது நாட்டுப் பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டிலே 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் காவல் கண்காணிப்பு உள்ளவரைதான். கோயில் திறப்பை வைத்திருப்பவர் நகைக்கு உடையவரல்லர்; பிறர் பொருளுக்குக் காவலர். அந்த உணர்ச்சியே அவரைத் தினமும் இருமுறை பூட்டை இழுத்துப் பார்க்கச் செய்கின்றது. செயலி எழுதுபவரின் பெயரைப் பயன்படுத்துவோர் அறியமாட்டார். அவர் செய்த காவலையும் காணமாட்டார். காணாத இடத்திலும் பிறர் பொருளைத் தன் பொருள்போற் காப்பதைத்தான் நம் முன்னோர் அறம் என்றார்கள். அந்த அறத்துக்கு இந்தக் காலத்திலே இதுவும் ஓர் இடம்.