புகை போட்டால் தேனீ மயங்குமா?

(கிண்ணியாவுக்குச் சுற்றுலா வந்த நம் தோட்டக் குடும்பங்களிடம் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



நேற்றுப் பின்னேரம் பாலத்தடியில் தேன் விற்ற நானாவிடம் நம்ம பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "புகை போட்டா பூச்சிக்கு மூச்சு முட்டி மயங்கிடுமா?" நானா சிரித்துவிட்டு, "மயங்கினா நாங்க ஏன் தங்கச்சி இந்த ஓட்டம் ஓடுறோம்?" என்றார். தோட்டத்திலும் பலர் மயங்கும் என்றுதான் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தோம்.

நமக்கு நுரையீரல் இருக்கிறது. அங்கே எடுத்த பிராணவாயுவை இரத்தம் உடம்பெல்லாம் சுமந்து போகிறது. பூச்சிக்கு நுரையீரலே கிடையாது, வாயாலும் மூச்சு விடுவதில்லை. தேனீயின் உடம்பில் இரண்டு பக்கமும் நுண்ணிய துவாரங்கள் பத்துச் சோடி உண்டு. அதிலிருந்து குழாய்கள் மரத்து வேர் போலக் கிளைத்துக் கிளைத்து, காற்றை நேராகவே தசைக்குக் கொண்டுபோகின்றன. இரத்தத்துக்கு அந்த வேலை இல்லை, அதனால் அது நம் இரத்தம் போல் சிவப்பாகவும் இல்லை. பறந்து வந்து உட்கார்ந்த தேனீயைப் பாருங்கள், வால்பக்கம் நீண்டு நீண்டு சுருங்கும். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரித்தான். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் பூச்சி சாவதும் இதனால்தான். வெறும் தண்ணீர் அந்தத் துவாரத்துக்குள் இலேசில் போகாது, சவர்க்காரம் கலந்தால் போய் அடைத்துவிடும்.

சரி, புகை என்ன செய்கிறது? தேனீயின் மூக்கு அதன் தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகள்தான். ஒரு தேனீ கொட்டினால் அங்கே ஒரு வாசனை கிளம்பும், வாழைப்பழ வாசம் போல. "எதிரி இங்கே, எல்லாரும் வாங்க" என்று அதற்கு அர்த்தம். புகை பட்டால் கொம்புகளுக்கு அந்த வாசம் சரியாகத் தெரியாது. 1995இல் கலிபோர்னியாவில் வளர்ப்புத் தேனீக்களை வைத்து இதைச் சோதித்து எழுதினார்கள். 10 முதல் 20 நிமிடத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டதாம். இன்னொன்று, புகை வந்தால் காடு எரிகிறது என்று தேனீ நினைத்தாற்போல் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்கிறது. ஆக, மயக்கமில்லை, கொஞ்ச நேரக் குழப்பம், அவ்வளவுதான்.

அதுவும் பெட்டியில் வளர்க்கிற தேனீயின் கதை. நம்ம மலையில் உயரமான டர்பன்டைன் மரத்தில் தொங்குகிறதே, சிங்களத்தில் பம்பரா என்பார்கள், நாம் குளவி என்று சொல்கிறோம், அது வேறு குணம். இந்தக் கிண்ணியாப் பக்கத்துக் காடு மாதிரியான வறண்ட நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற இனம் அது. ஒரே அடை, மறைவு கிடையாது. அசைந்தால் கூட்டமாய் வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், கொழுந்து மலைக்கு மேலே தொங்கிய கூட்டைக் கலைக்க, நடுப்பகலில் மானாப்புல்லைக் கொளுத்தினார்கள். கீழே பெண்கள் கூடையோடு நின்றதை யாரும் யோசிக்கவில்லை. புகை மேலே போனது, பூச்சி கீழே வந்தது. ஒரு அம்மா திரும்பவில்லை. புகை போட்டவருக்கு ஒரு கொட்டும் இல்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட்டைக் கண்டால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வேலையை வேறு மலைக்கு மாற்றக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பேர் வெட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம், எங்களிடம் வாருங்கள். தாக்கினால் அடித்து நசுக்காதீர்கள், நசுக்கினால் அந்த வாசம் இன்னும் கிளம்பும். கூடையைப் போட்டுவிட்டு, படங்கால் முகத்தை மூடிக்கொண்டு, லயத்துக்கோ ஸ்டோருக்கோ ஓடிக் கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதிப்பதில் பிரயோசனமில்லை, தலை வெளியே வரும்வரை மேலே சுற்றிக்கொண்டிருக்கும். தோலில் நிற்கிற கொடுக்கை நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிடுங்கள், நஞ்சுப் பை அதோடு ஒட்டிக்கொண்டு நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, பல கொட்டுப் பட்டிருந்தாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். லொறி வரும்வரை காத்திருக்காதீர்கள், கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள்.

பஸ் இரண்டு மணிக்கு. தேன் வாங்கினவர்கள் போத்தல் மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள், போன வருசம் சீட்டெல்லாம் எறும்பு.