ஈற்றடி தந்த தமிழ்



பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பது என் தொழில். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையை இந்தியிலும், இந்தியில் வரும் அறிக்கையை ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தருகிறேன். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதும் குற்றம். இருக்கும் சொல்லை விடுவதும் குற்றம். இந்த ஒழுங்கு அலுவலுக்கு இன்றியமையாதது. ஆனால் அது மனிதனை என்ன செய்துவிடும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் உணர்ந்தேன். ஊரில் என் அத்தை காலமானார். அத்தை மகனுக்கு ஆறுதல் மடல் எழுத அமர்ந்தேன். முடித்துப் படித்துப் பார்த்தால், அது அலுவலக ஆணை போல இருந்தது! என் தாய்மொழி என்னிடமிருந்து மெல்ல விடைபெற்றுக்கொண்டிருந்தது.

அதை மீட்டுத் தந்தது ஒரு சிறிய பயிற்சி. அந்தமானிலும் தமிழகத்திலுமாகச் சில நண்பர்கள் கூடி, வாரந்தோறும் ஓர் ஈற்றடிக்கு வெண்பா எழுதி வருகிறோம். ஞாயிறன்று ஒருவர் ஈற்றடி தருவார். வெள்ளி இரவுக்குள் மற்றவர்கள் பாடலை முடித்துக் கைபேசி வழியே அனுப்பவேண்டும். பரிசு எதுவும் இல்லை. பிறர் நம் பாடலைப் படிப்பார்கள் என்பதே பரிசு.

இது புதிய விளையாட்டன்று. வடமொழியாளர் இதனைச் சமஸ்யை என்பர். தெலுங்கு நாட்டு அவதானக் கலையில் இதற்குத் தனியிடம் உண்டு. தமிழில் காளமேகப் புலவர் இவ்வாறு பாடியனவாகப் பல பாடல்கள் தனிப்பாடல் திரட்டில் காணப்படுகின்றன. பாரதியாரை இளமையில் எட்டயபுரத்தில் ஒருவர் இகழ்ச்சியான ஈற்றடி ஒன்றைத் தந்து பாடச் சொன்னதாகவும், அவர் அவ்வடியைக் கொடுத்தவர் மீதே திருப்பிவிட்டதாகவும் கூறுவர். ஜப்பான் அரண்மனையில் புத்தாண்டையொட்டி நிகழும் கவியரங்கிற்கு ஆண்டுதோறும் ஒரு சொல்லை முன்னரே அறிவிப்பர். பொதுமக்களும் அச்சொல்லை வைத்துப் பாடல் எழுதி அனுப்புவர். பிறர் கொடுத்த சொல்லைத் தன் சொல்லாக்குவதில் மனிதனுக்கு எங்கும் ஓர் இன்பம் இருக்கின்றது.

வெண்பாவின் இலக்கணம் கடுமையானது. ஈற்றடிக்கு மூன்று சீர். மற்ற அடிகளுக்கு நான்கு. மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரை அடுத்தும் காய்ச்சீரை அடுத்தும் நேரசை வரவேண்டும். இத்தனை தளைகளுக்கிடையே கற்பனை எவ்வாறு பிறக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டவன்தான். விடை கிடைத்தது ஒரு மார்கழி மாதத்தில்.

அந்த வாரம் வந்த ஈற்றடி, 'கடலும் ஒருநாள் கரை' என்பது. நான் வாழ்வது டெய்ரி ஃபார்ம் பகுதியில். 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தைச் சேர்ந்தது. தீவில் வாழ்பவனுக்குக் கடலைப் பாடுவது எளிதென்று எண்ணினேன். மார்கழியில் இங்கு மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். விளக்கேற்றி உட்கார்ந்து, அலை, முத்து, நீலம், நிலவு என்று அடுக்கினேன். தளை தட்டவில்லை, பொருள்தான் தட்டிற்று. யார் வேண்டுமானாலும், எந்தக் கடலைப் பற்றி வேண்டுமானாலும் எழுதக்கூடிய பாடல் அது. கிழித்தெறிந்தேன்.

வியாழன் மாலை அம்மாவிடம் ஈற்றடியைச் சொன்னேன். அவர் பேசாமல் எழுந்து சென்று, தகரப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு மடல்களை எடுத்து வந்தார். 1970களில் அப்பா இத்தீவுக்கு வேலைக்கு வந்தபோது, அம்மா இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரில் இருந்தார். மடல்கள் கப்பலில் சென்றன. ஒன்றில் அப்பா, "பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா?" என்று கேட்டிருந்தார். அது ஊர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தானாம். அதற்கு அம்மா எழுதிய விடை வரும்வரை, இங்கே அப்பாவின் மனத்தில் அக்காய்ச்சல் தணியவேயில்லை! அன்றிரவு நான்கு அடிகள் வேண்டியிருக்கவில்லை. இரண்டே அடியில் குறள் வெண்பாவாக முடிந்துவிட்டது:

மடலால் இணைந்த மனங்கள் நடுவே
கடலும் ஒருநாள் கரை.

பெரும் கவிதை என்று இதனைச் சொல்லமாட்டேன். ஆனால் இது மொழிபெயர்ப்பன்று. என் வீட்டுத் தமிழ். தளை என்னைத் தடுத்ததா? இல்லை. மனம்போன போக்கில் எழுதியிருந்தால் முதலில் வந்த முத்தோடும் நிலவோடும் நிறைவுற்றிருப்பேன். பொருந்தாத சொற்களை இலக்கணம் ஒவ்வொன்றாக விலக்க, பொருந்தும் சொல்லைத் தேடி நான் தகரப் பெட்டிவரை செல்ல நேர்ந்தது.

வெள்ளியன்று மற்றவர்களின் பாடல்கள் வந்தன. கார் நிக்கோபாரில் முன்பு பணியாற்றிய நண்பர் ஒருவர் வெண்பா எழுதவில்லை. ஈற்றடியைத் தலைகீழாக்கி, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் கரையே கடலானதை உரைநடையில் நான்கே வரிகளில் எழுதியிருந்தார். விதியை மீறினார் என்று எவரும் குறை கூறவில்லை. ஒரே ஈற்றடி, எனக்கு அது இணைப்பு, அவருக்கு அது இழப்பு. அந்த நண்பரைப் பல ஆண்டுகளாக அறிவேன். ஆனால் அந்த வாரம்தான் அவரை அறிந்துகொண்டேன்.

முன்னாளில் தீவுவாசிகளுக்கு இத்தகைய வாரப் பயிற்சி எளிதாக இருந்திருக்க முடியாது. கப்பலில் வந்த வார இதழைப் பிரிக்கும்போதே போட்டியின் கடைசி நாள் கடந்திருக்கும். 2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஆழ்கடல் கண்ணாடி இழை வடம், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில், பயன்பாட்டுக்கு வந்தது. அப்பாவின் கேள்வி நாள்கணக்கில் கடந்த கடலை, என் வெண்பா நொடிப்பொழுதில் கடக்கின்றது. ஆயினும் வடம் மடலைச் சுமக்குமேயன்றி, எழுதித் தராது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

நேயர்களே, நீங்கள் கவிஞராக இருக்கவேண்டுவதில்லை. உங்கள் அலுவலும் அடுக்களையும் உங்கள் தமிழை எவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றன என்று அறிய விரும்பினால், நண்பர் ஒருவரிடம் ஓர் ஈற்றடி கேளுங்கள். ஒரு தவணையும் கேளுங்கள். முதல் வாரம் முத்தும் நிலவும்தான் வரும். அவற்றைக் கிழித்துவிட்டு, வீட்டில் மூத்தவர்களிடம் சென்று அந்த அடியைச் சொல்லிப் பாருங்கள்.