மூன்று சீட்டுக்கு ஆதரவு சொல்லலாமா?

இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் வரும் ஒரே ஒரு சிக்கல். ஏலத்தைத் தொடங்கியவருக்கு இரண்டாவது முறை கேட்க வாய்ப்பு வருகிறது. கூட்டாளி சொன்ன இனத்தில் அவர் கையில் மூன்றே மூன்று சீட்டுதான் இருக்கிறது. அவர் என்ன கேட்க வேண்டும்? சின்ன விஷயம்தான். ஆனால் இங்கே சோஹாரில் வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் நாலைந்து பேர் கூடினால், ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

பிரிட்ஜ் பழகாத நேயர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். ஊரில் நம்மில் பலர் 28 ஆடியிருப்போம். இலங்கை நண்பர்கள் 304 ஆடியிருப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் கூட்டாளிகள், ஏலம் கேட்பது, துருப்பு வைப்பது, துருப்பால் வெட்டிப் பிடி எடுப்பது, இவை எல்லாம் பிரிட்ஜிலும் உண்டு. ஆனால் இங்கே 52 சீட்டும் ஆட்டத்தில் இருக்கும், ஆளுக்கு 13. 28-ல் துருப்பைக் கவிழ்த்து வைப்போம். பிரிட்ஜில் ஒவ்வொரு கேள்வியிலும் எண்ணும் இனமும் சேர்ந்தே வரும். "ஒரு ஸ்பேட்" என்றால் ஸ்பேட் துருப்பாக, ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது 7 பிடி எடுப்பேன் என்று பொருள். துருப்பே வேண்டாம் என்றால் "நோ டிரம்ப்". ஏலம் எடுத்த கட்சியில் அந்தத் துருப்பை முதலில் சொன்னவர் ஆடுவார். அவருடைய கூட்டாளி தன் சீட்டை எல்லோரும் பார்க்க மேசையில் விரித்துவிடுவார், அதுதான் டம்மி. கையை மதிப்பிட ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கூட்டுவோம். சுமார் 12 புள்ளி இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். இருவரிடமும் சேர்ந்து 25 போல இருந்தால் 'கேம்' என்கிற பெரிய வெகுமதிக்கு முயலலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓமானில் காசு வைத்துச் சூதாடுவது குற்றம். நாம் பேசுவது காசில்லா ஆட்டம். பிரிட்ஜில் காசு இல்லாமலே வேண்டிய அளவு பதற்றம் உண்டு.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நீங்கள் "ஒரு டைமன்" என்று தொடங்குகிறீர்கள். எதிரிகள் பேசவில்லை. கூட்டாளி "ஒரு ஸ்பேட்" என்கிறார். அவரிடம் குறைந்தது நாலு ஸ்பேட் உண்டு, ஐந்தும் இருக்கலாம். உங்களிடமும் நாலு இருந்தால் யோசனையே வேண்டாம். எட்டுத் துருப்பு சேர்ந்துவிட்டது, "இரண்டு ஸ்பேட்" என்று ஆதரவு சொல்ல வேண்டியதுதான். ஆனால் உங்களிடம் மூன்றுதான் இருந்தால்? அவரிடம் ஐந்து என்றால் எட்டு, நல்லது. நாலு என்றால் ஏழுதான். எதிரிகளிடம் ஆறு துருப்பு இருக்கும். அந்த ஆறு மூன்று மூன்றாகப் பிரிய ஏறத்தாழ 36 சதவீத வாய்ப்புதான். நாலும் இரண்டுமாகப் பிரிய 48 சதவீதம். அதாவது எதிரி ஒருவரிடமும் நம்மைப் போலவே நாலு துருப்பு இருப்பதுதான் வழக்கம்.

"அப்படியானால் மூன்று சீட்டுக்கு ஆதரவே சொல்லக் கூடாது, 'ஒரு நோ டிரம்ப்' என்றுதான் சொல்ல வேண்டும்" என்பது ஒரு கட்சி. "தாராளமாகச் சொல்லலாம்" என்பது இன்னொரு கட்சி. புள்ளியை மட்டும் எண்ணினால் இந்த வழக்கு தீராது. கையின் அமைப்பைப் பார்த்தால் தீரும் என்பது என் கருத்து. நேயர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டால் நாலு கைகளைச் சொல்கிறேன். நாலிலும் நீங்கள் ஒரு டைமன் தொடங்கினீர்கள், கூட்டாளி ஒரு ஸ்பேட் சொன்னார்.

முதல் கை. ஸ்பேடில் ராணி, 6, 2. ஆர்ட்டினில் ராஜா, ஜாக்கி, 4. டைமனில் ஏஸ், ஜாக்கி, 7, 3. கிளாவரில் ராஜா, 10, 5. மொத்தம் 14 புள்ளி. எந்த இனத்திலும் குறைவில்லை, வெட்ட வழியில்லை. எல்லா இனத்திலும் எதிரியைத் தடுக்கச் சீட்டு இருக்கிறது. இதற்கு "ஒரு நோ டிரம்ப்"தான். எட்டுப் பிடி எடுத்தால் நோ டிரம்பில் 120, ஸ்பேடில் 110. வெட்டு கிடைக்காத இடத்தில் துருப்பு வைத்து 10 புள்ளியை விட்டுக்கொடுப்பானேன்?

இரண்டாவது கை. ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 5. ஆர்ட்டினில் ஒரே ஒரு 7. டைமனில் ஏஸ், ராணி, 8, 6, 4. கிளாவரில் ராஜா, 9, 6, 3. மொத்தம் 13. "இரண்டு கிளாவர்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் "இரண்டு ஸ்பேட்" என்பேன். ஆர்ட்டின் ஒற்றைச் சீட்டு. இரண்டாவது சுற்றிலேயே வெட்டலாம். துருப்பு மூன்றும் தரமானவை. எதிரிகளிடம் ஆர்ட்டின் நிறைய இருக்கும் என்பதும் தெரிகிறது. நாம் இரண்டு ஸ்பேட் என்று உயர்த்திவிட்டால் அவர்கள் மூன்றாவது படியில்தான் உள்ளே வர முடியும்.

மூன்றாவதும் நாலாவதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் மூன்று ஸ்பேட், இரண்டு ஆர்ட்டின், ஐந்து டைமன், மூன்று கிளாவர். இரண்டிலும் 13 புள்ளி. மூன்றாவது கையில் ஸ்பேடில் ஏஸ், ராணி, 4; ஆர்ட்டினில் 8, 3; டைமனில் ராஜா, ராணி, 9, 6, 2; கிளாவரில் ராணி, 7, 5. நாலாவது கையில் ஸ்பேடில் 8, 5, 3; ஆர்ட்டினில் ராஜா, ராணி; டைமனில் ஏஸ், ஜாக்கி, 9, 6, 2; கிளாவரில் ராணி, ஜாக்கி, 5. மூன்றாவதற்கு இரண்டு ஸ்பேட். நாலாவதற்கு ஒரு நோ டிரம்ப். மூன்றாவதில் துருப்பு பலம், ஆர்ட்டின் திறந்து கிடக்கிறது. நாலாவதில் துருப்பு சோளப்பொரி, ஆர்ட்டினில் காவல் இருக்கிறது.

மூன்றாவது கையை ஆடிப் பார்ப்போம். கூட்டாளியிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 9, 5. ஆர்ட்டினில் 7, 6, 2. டைமனில் ஏஸ், 5, 3. கிளாவரில் 8, 6, 4 என்று வையுங்கள். ஒரு நோ டிரம்ப் ஆடினால் எதிரி ஆர்ட்டினில் இறங்குவார். அவர்களுடைய எட்டு ஆர்ட்டின் ஐந்தும் மூன்றுமாக இருந்தால் ஐந்து பிடி, கூடவே கிளாவரில் ஏஸ், ராஜா. ஏழு பிடி போய் ஏலம் தோற்றது. நம்மிடம் ஒன்பது நல்ல சீட்டு இருந்தும், ஆடச் சந்தர்ப்பமே கிடைக்காது.

இதே சீட்டுக்கு இரண்டு ஸ்பேட் ஆடிப் பாருங்கள். ஆர்ட்டினில் இரண்டு, கிளாவரில் இரண்டு, ஆக நாலு பிடி போகும். மூன்றாவது ஆர்ட்டினை டம்மியின் 4-ஆம் ஸ்பேடால் வெட்டுவோம். பிறகு டம்மியின் ஏஸ், ராணி. டைமன் ஏஸில் கைக்கு வந்து ராஜா, ஜாக்கி. நாலு சுற்று. எதிரியின் துருப்பு நாலும் இரண்டுமாகப் பிரிந்திருந்தாலும் தீர்ந்துவிடும். டைமனில் எதிரியின் ஐந்து சீட்டு மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தால் மீதி டைமனும் நமக்கே. மொத்தம் ஒன்பது பிடி, கேட்டது எட்டு.

இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம், வெட்டு எந்தக் கையில் விழுந்தது என்பது. மூன்று துருப்பு உள்ள குட்டைக் கையில் வெட்டினோம். நாலு உள்ள நீண்டகை முழுசாக இருந்தது. எதிரி நீண்டகையை வெட்ட வைத்துவிட்டால் நமக்கு மூன்று, அவருக்கு நாலு என்று ஆகி ஆட்டம் கைமாறிவிடும். நாலும் மூன்றுமான இந்தத் துருப்புச் சேர்க்கைக்கு 'மாய்சியன்' என்று பெயர். அமெரிக்காவின் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழின் ஆசிரியராக இருந்த அல்போன்ஸ் மாய்ஸ் இதற்காக விடாமல் வாதாடியவர். அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு விலக்குகள். ஒன்று, கூட்டாளி ஆர்ட்டின் சொல்லி, உங்களிடம் மூன்று ஆர்ட்டினும் நாலு ஸ்பேடும் இருந்தால் முதலில் ஒரு ஸ்பேட் சொல்லுங்கள். இரண்டு, 16, 17 புள்ளி உள்ள நல்ல கை என்பதற்காக மூன்று சீட்டை வைத்துக்கொண்டு "மூன்று ஸ்பேட்" என்று தாவாதீர்கள். தாவினால் நாலு சீட்டு என்று அர்த்தம். வேறு இனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் ஆதரவு தரலாம்.

கூட்டாளிக்கும் கடமை உண்டு. இரண்டு ஸ்பேட் என்று கேட்டதும் "நாலு துருப்பு இருக்கிறது" என்று அவர் முடிவு கட்டிவிடக் கூடாது. அவரிடம் நாலே நாலு ஸ்பேட் இருந்து கேமுக்குப் போகும் பலமும் இருந்தால், நேரே நாலு ஸ்பேடுக்குப் பாயாமல் "மூன்று நோ டிரம்ப்" என்று சொல்லட்டும். தொடங்கியவர் நாலு வைத்திருந்தால் நாலு ஸ்பேடுக்குத் திருத்துவார்; மூன்று என்றால் விட்டுவிடுவார். ஐந்து ஸ்பேட் உள்ளவருக்கு இந்தக் கவலையே இல்லை. எதிரி இடையில் புகுந்து கேட்டிருந்தால் இன்னொரு வழியும் உண்டு: தொடங்கியவர் "டபுள்" சொன்னால் சரியாக மூன்று சீட்டு, உயர்த்தினால் நாலு. அமெரிக்க ஆட்டக்காரர் எரிக் ராட்வெல் கண்டுபிடித்த முறை இது. இருவரும் பேசி வைத்திருந்தால்தான் பயன்படும்.

பேசி வைத்திருந்தால் என்றேனே, நான் சொல்ல வந்ததன் மையமே அதுதான். பிரிட்ஜில் கூட்டாளியோடு பேச நமக்குக் கிடைத்திருப்பது மிகச் சில சொற்கள்: ஒன்று முதல் ஏழு வரை எண், நாலு இனம், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். இதற்கு மேல் ஒரு கனைப்புக்கூடக் கூடாது. மூன்று சீட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் தயங்கி, இழுத்து "இரண்டு ஸ்பேட்" என்று சொன்னால், நாலு இல்லை என்று கூட்டாளிக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. அந்தத் தயக்கத்திலிருந்து அவர் பயன் அடையக் கூடாது என்று பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆவது விதி சொல்கிறது. பேசி வைத்த உடன்பாடு எதுவானாலும் எதிரிகள் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் சென்னையிலேயே தெரிந்தது. 2015 செப்டம்பர், அக்டோபரில் உலக அணிப் போட்டி சென்னையில் நடந்தது. பெர்முடா கோப்பையை இறுதியில் ஸ்வீடனை வென்று போலந்து எடுத்தது. ஆனால் போட்டி தொடங்கும் முன்பே, ரகசியச் சைகைக் குற்றச்சாட்டுகள் கிளம்பியதால், இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் விலகியிருந்தன. மேசை மேல் பலகையை எங்கே வைக்கிறார்கள், சீட்டை எந்தத் திசையில் வைக்கிறார்கள் என்பதை எல்லாம் காணொளியில் பார்த்து ஆராய்ந்தார்கள். உலகின் உச்சியில் இருப்பவர்கள் எதற்காக இந்தப் பழியைச் சுமக்க நேர்ந்தது? கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்கிற ஒரு துளிச் செய்திக்காக. நாம் பேசும் "மூன்றா, நாலா" என்பதும் அந்த மாதிரி ஒரு துளிதான்.

நேர் வழியில் அந்தத் துளியைச் சேர்ப்பவர்களும் உண்டு. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அப்போது ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. நீண்ட காலம் சேர்ந்து ஆடிய ஜோடி. அவர்களுக்கு "நீங்கள் மூன்றுக்கு உயர்த்துவீர்களா?" என்று கேட்டுக்கொள்ள அவசியம் இருந்திருக்காது.

நமக்கு அந்த வசதி இல்லை. துறைமுகத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் அலுமினிய ஆலையிலும் ஷிப்டு வேலை. இந்த வாரம் எதிரே உட்கார்ந்தவருக்கு அடுத்த வாரம் இரவு டியூட்டி. ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போவார். ஒருவர் ஒப்பந்தம் முடிந்து போயே விடுவார். வாராவாரம் புதுக் கூட்டாளி. அதனால் சீட்டுப் போடும் முன் மூன்றே நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல மூன்று சீட்டும் ஒரு குறைந்த இனமும் இருந்தால் உயர்த்துவோமா? உயர்த்தினால் நாலு சீட்டுக்காரர் மூன்று நோ டிரம்ப் சொல்லித் தேர்வு கொடுப்பாரா? எதிரி புகுந்தால் டபுள் மூன்றைக் காட்டுமா? பதில் எதுவானாலும் இருவரும் ஒன்றாகச் சொன்னால் போதும். எதிரே இருப்பவர்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மூன்று சீட்டுக்கு ஆதரவு சொல்லலாம். கை அமைப்பு அனுமதித்தால், கூட்டாளிக்கும் தெரிந்திருந்தால், தயங்காமல் சொல்லலாம். தோற்றாலும் சண்டை இல்லாமல் தேநீர் குடிக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆடுபவர்களுக்கு நல்ல சீட்டு வரட்டும்.