எழுத்துத் தடுமாற்றமும் தொழிலிடத்து நியாயமும்
(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அதைப் பேசப் பலர் உளர். நான் எழுத்து வராதவனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். பள்ளிக்கூடம் போயும், ஆசிரியர் அடித்தும், தாய் அழுதும், எவன் கண்முன் எழுத்துக்கள் ஒழுங்காக நிற்க மறுக்கின்றனவோ அவனையே குறிப்பிடுகிறேன்.

என் தம்பி அப்படிப்பட்டவன். மனக்கணக்கில் என்னை முந்திவிடுவான். காகிதத்தில் எழுதச் சொன்னால் 12 என்பது 21 ஆகிவிடும். "மட்டி" என்று லயமே சொல்லிற்று. நானும் சொன்னேன், மறைப்பானேன்?

வைத்தியர்கள் இதனை டிஸ்லெக்சியா என்பர். பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் 1896ஆம் ஆண்டிலேயே 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். சிறுவன் கணக்கில் கெட்டிக்காரன். வாசிக்க மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. பார்வையிலும் புத்தியிலும் குறையில்லை. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் வழியில்தான் தடங்கல். பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. பிரம்புக்கு அது போகாது.

தம்பிக்குத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. கவ்வாத்திலும், மலைக்கு ஆள் பிரித்து நிறுத்துவதிலும் அவனுக்கு நிகரில்லை என்று துரையே சொன்னதுண்டு. ஆனால் கொழுந்து மடுவத்தில் தராசருகே நின்று நிறையை எழுத வேண்டுமே! மழை, நீண்ட வரிசை, "சுருக்கா எழுதுங்க" என்ற சத்தம். ஒரு நாள் எங்கள் லயத்து அக்காள் ஒருத்தி எடுத்த 21 கிலோ 12 ஆகப் பதிவாயிற்று. இன்னொருத்தியின் 12 கிலோ 21 ஆயிற்று. ஒரு பேருக்கு அங்கே 18 கிலோ எடுக்க வேண்டும். அக்காளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அவள் சண்டைக்கு வந்தாள். வந்தது நியாயமே, நாள் முழுவதும் அட்டைக்கடியில் நின்று எடுத்த கொழுந்தல்லவா?

ஆபீசில் நடந்ததுதான் அநியாயம். எப்படிப் பிழை வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, களவு என்றார்கள். கூடுதல் நிறை பெற்றவள் எங்களுக்குத் தூரத்து உறவு, அது போதாதா? மறுநாள் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வாசிக்க நேரம் கேட்க அவன் வெட்கப்பட்டான். கையில் கொடுத்த நகலை அன்றிரவு நான் வாசித்தபோதுதான் அது இராஜினாமாக் கடிதம் என்று வீட்டுக்குத் தெரிந்தது.

பெரியோர்கள் தம் பாட்டனார் வாயிலாகத் துண்டு முறையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவதாக எழுதிய அந்தக் காகிதத்தைச் சம்பந்தப்பட்ட ஆட்களில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? அது 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வாசிக்காத காகிதத்தில் பெயர் வைக்கும் வழக்கம் மட்டும் நம்மை விடவில்லை.

இத்தகைய வழக்கு ஒன்று இலண்டனில் நடந்து, 2016இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடையில் மேற்பார்வை செய்த ஒரு பெண், குளிர்பெட்டியின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் குறித்து வைக்க வேண்டியவர். எண்கள் பிழைத்தன. பொய்ப்பதிவு செய்தார் என்று சொல்லிச் சிறு வேலைக்கு இறக்கினார்கள். தமக்கு டிஸ்லெக்சியா உண்டென்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். தொழில் நியாயசபை அவர் பக்கம் தீர்த்தது. அவருக்கேற்ப வேலைமுறையைச் சற்று மாற்றிக் கொடுக்காதது கம்பனியின் குற்றம் என்றது.

நம் நாட்டிலோ 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைவைக் காட்டி ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது; டிஸ்லெக்சியாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்தியா தனது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. ஆயினும் நமக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வேலைநீக்கம் நியாயமற்றதாயின் தொழிலாளியோ அவர் சார்பில் தொழிற்சங்கமோ தொழில் நியாயசபைக்கு மனுச் செய்யலாம். வற்புறுத்தி வாங்கிய இராஜினாமாவையும் அங்கே எதிர்த்து வாதாடலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். நாங்கள் விசாரித்தது ஏழாம் மாதத்தில்.

அந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? மூடி மறைத்தோம். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம் என்றார் அம்மா. வேலையில் சேர்ந்த அன்றே அவன் தலைவரிடமும் பெரிய கிளாக்கரிடமும் சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்திருந்தால், பரிகாரம் எவ்வளவு சிறியது! அவன் நிறையை உரக்கச் சொல்ல, கொழுந்து கொடுத்தவள் அதைத் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டால் போதும். அக்காளின் பேரும் தப்பியிருக்கும், அவன் வேலையும் தப்பியிருக்கும். அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். இவ்வுரையில் தன் கதையைச் சொல்லச் சம்மதம் கொடுத்தவனும் அவனே.

வருகிற ஞாயிறு முதல் மாலை 4 மணிக்குச் சங்க வாசிகசாலையில் நானும் இன்னொரு அன்பரும் இருப்போம். ஆபீசில் கொடுத்த கடிதம், சம்பளத் துண்டு, எதுவானாலும் கையெழுத்து வைக்குமுன் கொண்டுவாருங்கள், வாசித்துக் காட்டுகிறோம். யார் வந்தார் என்பது வெளியே போகாது. முன்வாசலால் வரக் கூச்சப்படுவோருக்காகக் கோயில் பக்கத்துக் கதவையும் திறந்து வைப்போம்.