குரவைக்குக் கூடியவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'குழு விளையாட்டும் அனுபவப் பகிர்வும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இலக்கிய மேடையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். தொல்காப்பியரிடம் கேட்போம். உவகை பிறக்கும் களங்களை மெய்ப்பாட்டியலில் வகுக்குமிடத்து, செல்வம், புலன், புணர்வு என்பனவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார் அவர். உரியியலில் 'பண்ணை' என்னும் சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் உரைக்கிறார். அதே சொல்லுக்கு மகளிர் கூட்டம் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. கூடுவதும் ஆடுவதும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி நம்முடையது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நாம் பெரும்பாலும் இசைநுட்பத்துக்காகவும் திருமால் வாழ்த்துக்காகவும் பயில்கிறோம். ஒரு குழுவை வழிநடத்தும் கலைக்குரிய பாடமாகவும் அதனைப் பயிலலாம் என்பது என் எண்ணம். ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்களில் நீர் வடிகிறது. ஆவின் கழுத்து மணி நிலத்தில் வீழ்கிறது. எல்லார் நெஞ்சிலும் அச்சம். முதியவளாகிய மாதரி அந்தத் தீக்குறிகளை மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள். அதன்பின், கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்குமாறு, கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். மகளிர் எழுவரை நிறுத்தி, குரல் முதல் தாரம் ஈறாக ஏழிசையின் பெயர்களை ஆளுக்கொன்றாகச் சூட்டுகிறாள். சற்றுமுன் அஞ்சி நின்ற பெண் இப்போது 'குரல்'. அவள் கைகோத்து நிற்பவள் 'துத்தம்'. புதிய பெயரும் புதிய இடமும் கிடைத்தவுடன், தன் அச்சத்தைச் சற்றே எட்ட வைத்துப் பார்க்க அவளால் இயலுகிறது.

அந்தக் குரவை கோவலனை மீட்கவில்லை, உண்மைதான். ஆயினும் அடுத்து வரும் துன்பமாலையை நினைவுகூருங்கள். கொலைச்செய்தி வந்ததும் கண்ணகி யாரை விளிக்கிறாள்? குரவைக்காக வந்து கூடிய ஆயமகளிரைக் 'கேளுங்கள்' என்று அழைத்து, அவர்கள் முன்னிலையில் கதிரவனை நோக்கி, 'என் கணவன் கள்வனோ' என்று வினவுகிறாள். பாண்டியன் அவையில் முழங்கிய வழக்கு முதன்முதலில் எழுந்தது அந்த ஆட்டக்களத்தில்தான். விளையாட்டு துன்பத்தைத் தடுக்கவில்லை. துன்பம் வந்தபோது கேட்கும் செவிகளை முன்னதாகவே கூட்டி வைத்திருந்தது. குழு விளையாட்டின் பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். முதலாண்டு மாணவியர் இருபதின்மர். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார்கள். ஒருநாள் நாற்காலிகளை வட்டமாக இடச் செய்து, 'உங்கள் வீட்டில் ஒருவரின் தொழிலை விடுகதையாக்குங்கள். மற்றவர்கள் விடுவிக்கட்டும்' என்றேன். வகுப்பே சிரிப்பில் மிதந்தது. எப்போதும் கடைசி வரிசையில் ஒடுங்கியிருக்கும் ஒரு பெண் எழுந்தாள். 'ஊர் உறங்கும்போது விழிக்கும். ஊர் விழிக்கும்போது மணக்கும். தன் தலையில் மட்டும் ஒரு மொட்டும் இராது. அது என்ன?' என்றாள். நிலா என்றனர், முல்லைக்கொடி என்றனர். அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, 'என் அம்மா' என்றாள். நள்ளிரவில் பூச்சந்தைக்குப் போய் வந்து, விடியுமுன் சரம் தொடுத்து விற்கும் கைம்பெண் அவள் தாய்.

அந்த அமைதியில் நான் ஒரு பிழை செய்தேன். 'அப்பா எப்போது இறந்தார்?' என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆனால் விடுகதை அவளுக்கு ஒரு திரையாக இருந்தது. எவ்வளவு விலக்குவது என்பதை அவளே முடிவு செய்திருந்தாள். நான் அதைப் பற்றி இழுத்துவிட்டேன். மூன்று நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவளிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். 'விடுகதையை எல்லாரிடமும் சொல்லுங்கள் அம்மா. அந்தக் கேள்வியை மட்டும் இனி யாரிடமும் கேட்காதீர்கள்' என்றாள். அவள் இசைவோடுதான் இன்று இதனை உங்கள்முன் வைக்கிறேன்.

அவள் கற்பித்த பாடத்திலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொண்டேன். முதலாவது, எவரும் தம் முறை வரும்போது 'நான் கடந்து செல்கிறேன்' என்று சொல்லலாம், காரணம் கேட்கலாகாது. இரண்டாவது, நடத்துபவர் பிறரிடம் கேட்பதைத் தாம் முதலில் செய்ய வேண்டும். என் தாயின் தொழிலை விடுகதையாக்கி முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது, வட்டத்தில் கேட்டதை உரியவர் இசைவின்றி வெளியே எடுத்துச் செல்லலாகாது. நான்காவது, ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தினும் மிகுதியாக அதன்பின் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மணியடித்துக் கலைந்தால் எஞ்சுவது களிப்பு மட்டுமே. 'இங்கே என்ன நடந்தது? அப்போது உள்ளத்தில் என்ன தோன்றியது? நம் வாழ்வில் இதுபோல் வேறெங்கே கண்டோம்?' என்ற எளிய வினாக்களை இவ்வரிசையிலேயே கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருத்தலே கடினம். அமைதியைக் கண்டால் ஆசிரியர்களாகிய நமக்கு உடனே விளக்கம் சொல்லும் ஆவல் எழுந்துவிடும்.

பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகுஸ்தோ போவால் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்னும் கோட்பாட்டை 1974இல் நூலாக வெளியிட்டார். அவர் வளர்த்தெடுத்த மன்ற அரங்கில், அநீதியைக் காட்டும் நாடகத்தை இடையிலே நிறுத்தி, பார்வையாளரே மேடையேறி வேறு வழியை நடித்துக் காட்டலாம். அதனை நடத்துபவருக்கு அவர் இட்ட பெயர் 'ஜோக்கர்'. சீட்டுக்கட்டில் எந்தக் குலத்தையும் சாராத சீட்டு அது. நடத்துபவர் தீர்ப்புச் சொல்வதில்லை. வினாவை மீண்டும் அவைக்கே திருப்புகிறார். ஏழிசையின் பெயர்களைப் பிறர்க்கெல்லாம் பகிர்ந்தளித்த மாதரி தனக்கென ஒன்றை வைத்துக்கொள்ளாததை இதனோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளாக நம் வட்டம் நல்ல பொழிவுகளை வழங்கி வந்துள்ளது, அதில் ஐயமில்லை. ஆயினும் 'வட்டம்' என்று பெயர் சூட்டிக்கொண்ட நாம் வரிசையாகவே அமர்ந்திருக்கிறோம். பேசுபவர் சிலர், கைதட்டுபவர் பலர். கடைசி வரிசையில் அமர்ந்து, கூட்டம் முடிந்ததும் சொல்லாமல் எழுந்து செல்லும் அன்பர்கள் நெஞ்சில் என்னென்ன விடுகதைகள் உள்ளனவோ, நாம் அறியோம். பதினோராம் ஆண்டில் ஒரு மாதக் கூட்டத்தையேனும் மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி, நாற்காலிகளை வட்டமாக இட்டு நடத்திப் பார்ப்போம். முதல் விடுகதையை நான் போடுகிறேன். என்றேனும் ஒருநாள் நம்மில் ஒருவர் தம் வழக்கைச் சொல்ல எழும்போது, 'கேளுங்கள்' என்று அழைக்க அவருக்கு ஒரு கூட்டம் இருக்கட்டும்.