கருவும் கையொப்பமும்



வைட்டிலாவில் கூடியிருக்கும் நம் குடும்பங்களுள் மகப்பேற்றுக்காக ஏங்கி நிற்பாரும் உளர். முன்னாளில் அரசமரம் சுற்றுவதும் இராமேசுவரத்தில் நீராடுவதுமே வழியாக இருந்தன. இன்று மருத்துவமும் வழி காட்டுகிறது. இப்பொருளை மேடையில் பேசலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். பேசத் தயங்குவோர், படியாமல் கையொப்பமிட மட்டும் தயங்குவதில்லை. ஆதலின் பேசுவோம்.

பெண்ணின் முட்டையையும் ஆணின் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து மருத்துவர் கருவாக்குகிறார். ஒரே முறையில் பல கருக்கள் உண்டாகலாம். ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்தபின், எஞ்சியவற்றைச் சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில், திரவ நைட்ரஜனில் காத்துவைப்பர். இக்கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1978 அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்த குழந்தை, உறையவைத்த கருவிலிருந்து பிறந்ததே.

ஆனால் எஞ்சிய கருக்களை என்ன செய்வது? 1983இல் ஒரு தம்பதியர் விமான விபத்தில் மாண்டனர். அவர்தம் இரு கருக்கள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மருத்துவமனையில் உறைநிலையில் இருந்தன. அவற்றைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. உரியவர் எழுதாததை உலகம் நின்று வாதிட்டது.

தொலைதூரக் கதை என்று எண்ண வேண்டா. 2024 ஆகஸ்டில் இதோ எர்ணாகுளத்து உயர்நீதிமன்றத்திற்கே இதனையொத்த வழக்கு வந்தது. கணவர் கடும் நோயில் கிடந்தார். எழுத்துமூலமான சம்மதம் தரும் நிலையில் இல்லை. மனைவி நீதிமன்றத்தை நாடினார். கணவரின் உயிரணுக்களை எடுத்துப் பாதுகாக்க மட்டும் நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது; அதற்கு மேற்பட்ட எதற்கும் மீண்டும் அனுமதி பெற வேண்டும் என்றது. நோய்ப்படுக்கையின் அருகிலிருக்க வேண்டிய பெண் நீதிமன்றப் படியேறினாள். இத்துயரை எண்ணிப் பாருங்கள்!

இதற்கென நம் நாட்டில் 2021இல் இயற்றப்பட்ட சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. சம்பந்தப்பட்ட அனைவரும் விளங்கிக்கொண்டு எழுத்தில் சம்மதம் தராமல் சிகிச்சை கூடாது. ஒருவர் இறந்தாலோ செயலற்றுப் போனாலோ கருக்களை என்ன செய்வது என்பதையும் முன்னரே எழுதித் தந்தாலன்றி உறையவைத்தல் கூடாது. கருவைக் கருப்பையில் வைக்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பத்தாண்டுக்கு மேல் காத்துவைத்தல் இல்லை. அதன்பின் அவை அழிய விடப்படும். அல்லது தம்பதியரின் சம்மதத்துடன் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அளிக்கப்படும்.

சம்மதம் யாருடையது? நம் வீடுகளில் மாமியார் சொல்வதும் கணவர் தலையசைப்பதுமே முடிவாகிவிடுவதுண்டு. மயக்க நிலையிலிருந்த ஒரு பெண்ணுக்காக அவர்தம் தாயார் தந்த சம்மதத்தின்பேரில் கருப்பையை அகற்றியது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் சொல்லே போதாதெனில், பிறர் சொல் எம்மாத்திரம்?

இரயில் நிலையத்துக் கிளோக் ரூமில் பெட்டியை ஒப்படைப்பவர், சீட்டைப் படித்து, கட்டணம் கேட்டு, பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார். பெட்டிக்குக் காட்டும் கவனத்தைக் கருவுக்குக் காட்ட வேண்டாவா?

எனவே தம்பதியர் இருவரும் சேர்ந்தமர்ந்து கேட்க வேண்டும். எத்தனை கருக்கள்? எவ்வளவு காலம்? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? நாம் பிரிந்தால் என்ன, இறந்தால் என்ன? தாள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருப்பின், தெரிந்தவரைக் கொண்டு தமிழில் பொருள் கேட்டறிக. ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்க. மாற்றலாகிப் போகும் நமக்கு மற்றொன்றும் உண்டு: புது முகவரியை மருத்துவமனைக்குத் தெரிவித்தல். பழைய குவார்ட்டர்ஸுக்கு வரும் கடிதத்திற்கு விடை எழுத யார் இருக்கிறார்?

கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. இன்று விடை தெரியவில்லையெனில் கால அவகாசம் கேட்பதிலும் இழுக்கில்லை. பிள்ளை வரம் வேண்டி நிற்கும் வேளையில் மனம் எதற்கும் இசையும். அவ்வேளையிலேதான் கண் தாளின்மீது நிலைக்க வேண்டும். நம் கருவின் வழியை நாமே வகுப்போம்.